இரண்டு வாசல் கேள்வி

அத்தியாயம் ஐந்து

இன்ஸ்பெக்டர் நாற்காலி காட்டவில்லை. ஊசியும் கேட்கவில்லை. நின்றுகொண்டே பேசினால் சண்டை சீக்கிரம் முடியும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

"அவன் வாயைத் திறக்கலைன்னா அதுக்கு நான் என்ன பண்றது?" என்றார் இன்ஸ்பெக்டர். "பிடிச்சுட்டு வந்ததிலேருந்து 'எனக்கு ஒண்ணும் தெரியாது'ன்னு ஒரே பாட்டு. கஸ்டடி இன்னியோட முடியுது, நாளைக்கு மறுபடி கோர்ட். அங்கேருந்து நேரா ஜெயில். நீங்க பேசாம உங்க பழைய இன்ஷூரன்ஸ் கம்பெனியிலேயே எரிஞ்ச கடை, இடிஞ்ச கார்னு பார்த்துட்டு இருந்திருக்கலாம்."

"அங்கே பொய் சொல்றவங்களை மட்டும்தான் பார்க்க முடிஞ்சது. பொய்யைக் கேட்டு வாங்கி வச்சுக்கிறவங்களைப் பார்க்கணும்னா இங்கேதானே வரணும்."

இப்படிப் பேசிப் பேசித்தான் அவளுக்கு ஊசி என்று பெயர் வந்தது. இன்ஷூரன்ஸ் கம்பெனி வேலையை விட்டுவிட்டுத் தனியாகத் துப்பறியும் ஆபீஸ் போட்ட பிறகும் பெயர் கூடவே வந்துவிட்டது.

விஷயம் இதுதான். மக்கள் மனதில் என்ன இருக்கிறது என்று கேட்டுச் சொல்கிற கருத்துக்கணிப்பு நிறுவனம் ஒன்று. புது சோப்பு, புது பெயிண்ட் எது வந்தாலும், கடைக்குப் போவதற்கு முன்னால் சம்பந்தமே இல்லாத ஆறு பேரைக் கூட்டி வந்து ஒரு ஹாலில் மேஜையைச் சுற்றி உட்கார வைத்துப் பேச விடுவார்கள். பேச்சை நடத்துகிறவருக்கு மாடரேட்டர் என்று பெயர். ஹாலின் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. உள்ளே இருப்பவர்களுக்கு அதில் தங்கள் முகம்தான் தெரியும். சுவருக்கு அந்தப் பக்கம், இருட்டு அறையில் உட்கார்ந்திருப்பவருக்கு எல்லாம் தெரியும். அங்கே உட்காருவது முதலாளியின் வழக்கம். போன வாரம் அப்படி உட்கார்ந்திருந்தபோது, இடைவேளையில் யாரோ அவர் மண்டையில் கண்ணாடி ஜக் ஒன்றைத் தண்ணீரோடு போட்டு உடைத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் இன்னும் நினைவில்லாமல் கிடக்கிறார். முதலில் போய்ப் பார்த்துக் கத்திய அவர் மனைவி, அன்றிலிருந்து அவர் பக்கத்திலேயே இருக்கிறாள்; போலீஸைத் தவிர யாரிடமும் பேசவில்லை. போலீஸ் பிடித்தது அவருடைய தங்கையின் கணவனை. அதே நிறுவனத்தில் கேமராமேன். அன்று காலையில்தான் மச்சானோடு ஊரே கேட்கும்படி சண்டை போட்டிருந்தான்.

"சாட்சி ஆறு பேர்" என்றார் இன்ஸ்பெக்டர். "ஒருத்தரை ஒருத்தர் முன்னப் பின்னப் பார்த்ததுகூட இல்லை. ஹால் கதவு திறந்திருக்கு. கேமராமேன் கண்ணாடி ரூம் பக்கமிருந்து வந்து மாடிப்படி இறங்கினதை ஆறு பேரும் பார்த்திருக்காங்க. அவன் கையில ஈரம் இருந்ததையும் பார்த்திருக்காங்க." கொஞ்சம் நிறுத்தி, அடுத்ததை ரசித்துச் சொன்னார். "உள்ள உடைஞ்சது தண்ணி ஜக்குன்னு பேப்பர்ல வரலை. நாங்களும் யாருக்கும் சொல்லலை. அவனுக்கே சொல்லலை. சாட்சிங்க யாரும் அந்த ரூம்ல கால் வைக்கலை. அப்ப ஈரம் எப்படித் தெரியும்? பார்த்தாத்தான் தெரியும்."

 மடக்கப்பட்டால் ஊசிக்குக் கோபம் வரும். அதை இன்ஸ்பெக்டருக்குக் காட்டாமல் வெளியே வந்தாள்.

வெளியே பெஞ்சில் முதலாளியின் தங்கை உட்கார்ந்திருந்தாள். அண்ணன் ஆஸ்பத்திரியில், கணவன் லாக்கப்பில். ஊசியை இந்தக் கேஸுக்கு அமர்த்தியது அவள்தான். அவளுக்கும் அதே ஆபீஸில்தான் வேலை.

"ஈரக் கைன்னு சொல்றாரா?" என்று கேட்டாள். "போலீஸ் வர்ற வரைக்கும் அந்த ஆறு பேரையும் ஹால்ல வச்சு, கதவைச் சாத்திக்கிட்டுப் பேசிட்டிருந்தது மாடரேட்டர்தான். எனக்கு ஒண்ணுதான் தெரியணும் மேடம். அந்த ஆள் என் வீட்டுக்காரரைப் பொறாமையில மாட்டிவிட்டாரா, இல்லை தன்னைக் காப்பாத்திக்க மாட்டிவிட்டாரா?"

"சாயந்திரத்துக்குள்ள சொல்றேன்" என்றாள் ஊசி.

மாடரேட்டரை அவள் இன்னும் பார்த்ததில்லை. காலையில் போனில் பேசினாள். 'போலீஸ்கிட்ட சொல்ல வேண்டியதைச் சொல்லியாச்சு. இன்ஷூரன்ஸ் அக்காங்ககிட்டப் பேசறதுக்கெல்லாம் எனக்கு நேரமில்லை' என்று, தேனில் தோய்த்த குரலில் சொல்லிவிட்டு வைத்துவிட்டான். அந்தக் குரல் இன்னும் காதுக்குள் ஒட்டிக்கொண்டிருந்தது.

கண்டக்டர் ஸ்கூட்டரை உதைத்தான். நிஜமாகவே பஸ் கண்டக்டராக இருந்தவன்தான். டிக்கெட் எடுக்காத மேலதிகாரியை நடுவழியில் இறக்கிவிட்டதில் வேலை போய், ஊசியிடம் உதவியாளனாக வந்து சேர்ந்தவன்.

"மேடம், மாடரேட்டர் இன்னும் வண்டியிலேயே ஏறலை. அதுக்குள்ள டிக்கெட்டைக் கிழிச்சுக் கையில வச்சிருக்கீங்க."

"பேசாம ஓட்டு."

ஆறு சாட்சிகளில் முதலாவது ஒரு தையல்காரம்மா. வாயில் குண்டூசிகளை வைத்துக்கொண்டே பேசினாள். அவற்றை எடுத்து வைக்கிற அளவுக்கு இவர்களை மதிக்கவில்லை.

"போலீஸ்ல சொன்னதையே உங்ககிட்டயும் ஒப்பிக்கணுமா? கேமராமேன் வந்தான். கை ஈரமா இருந்துச்சு. போனான்."

"எந்தக் கை?"

"ரெண்டும்தான்."

"தண்ணி சொட்டிச்சா?"

"ஈரமா இருந்துச்சுன்னு சொல்றேன்ல."

"சட்டை?"

தையல்காரம்மா யோசித்தாள். "சட்டையைக் கவனிக்கலை."

ஊசி உள்ளே நுழைந்ததுமே, இடது பக்கம் மடிப்புத் தையல் விட்டிருக்கிறது என்று சொன்ன பெண்மணி இவள். கண்டக்டரின் காலரைப் பார்த்து, வெட்டினவன் கையை ஒடிக்கணும் என்றவள். எதிரே நடந்து போனவன் சட்டை என்ன நிறம் என்று தெரியவில்லையாம். கையில் ஈரம் மட்டும் தெரிந்ததாம்.

"அந்த ஆளை உங்களுக்குப் பிடிக்கலை, இல்லையா?" என்றாள் ஊசி.

"எப்படிப் பிடிக்கும்? வந்து உட்கார்ந்ததும் 'தலையைத் தூக்கு, வெளிச்சத்தை மறைக்காதே'ன்னு எங்களை மந்தை மாதிரி விரட்டினான். அப்புறம் வெளிய முதலாளிகிட்டப் போய் ஒரே கத்தல். மாடரேட்டர் அப்படி இல்லை. தங்கமான மனுஷன். இடைவேளை முழுக்க எங்களோடதான் நின்னு பேசிட்டிருந்தார். எனக்குத் தலைவலின்னதும் மாத்திரைகூடத் தேடிக் கொடுத்தார். நடுவுல யாரோ கூப்பிட்டாங்கன்னு வாசல் வரைக்கும் போய்..."

"வெளிய போனார்" என்றாள் ஊசி.

"வாசல் வரைக்கும்னு சொல்றாங்க மேடம்" என்றான் கண்டக்டர்.

"வாசலுக்கு அந்தப் பக்கத்துக்குப் பேரு என்ன? வெளிதானே. வா போகலாம்."

அடுத்தவன் வேன் டிரைவர். வண்டிக்கு அடியில் படுத்திருந்தான். வெளியே வரவில்லை. அவனுடைய கால்களோடுதான் பேச வேண்டியிருந்தது.

"கையைத் துடைச்சுக்கிட்டே வந்தான்" என்றன கால்கள்.

"எதுல துடைச்சார்?"

"சட்டையில. இல்லன்னா கர்சீப்ல. எதுலயோ."

"அப்ப கை ஈரமா இல்லை?"

"துடைச்ச கை எப்படிம்மா ஈரமா இருக்கும்? என்னைப் பொய்யன்னு சொல்ல வந்தீங்களா?" ஸ்பானர் ஒன்று தரையில் ஓசையோடு விழுந்தது. பேட்டி முடிந்தது.

மற்றவர்களில் மூன்று பேரைக் கண்டக்டர் போனில் பிடித்தான். கடைசி ஆள் ஜிம் மாஸ்டர் மட்டும், நேரில் வந்தால் பேசுவேன் என்றான். ஸ்கூட்டரை மர நிழலில் நிறுத்திவிட்டுக் கண்டக்டர் தலையைச் சொறிந்தான்.

"இதுவரைக்கும் சிலர் 'ஈரமா இருந்துச்சு'ங்கறாங்க. சிலர் 'துடைச்சுக்கிட்டே வந்தான்'ங்கறாங்க. ஒரே ஆள், ஒரே நடை, ஒரே வாசல். கையை ஆட்டிக்கிட்டு வந்தான், பாக்கெட்ல விட்டுக்கிட்டு வந்தான், மூக்கைச் சொறிஞ்சான்னு ஒருத்தர் சொல்லணுமே. சொல்லலை. ரெண்டே ரூட்தான்."

ஊசி அவனையே பார்த்தாள். பிறகு மெதுவாகச் சிரித்தாள்.

"ஹோட்டல்ல சர்வர் வந்து 'காபியா, டீயா'ன்னு கேட்டா நீ என்ன சொல்வே?"

"காபி."

"ரெண்டும் வேணாம்னு ஏன் சொல்லலை?"

"அவன் அதைக் கேட்கலையே."

"அதேதான். இந்த ஆறு பேர்கிட்டயும் யாரோ காபியா டீயான்னு கேட்டிருக்காங்க. 'கை ஈரமா இருந்துச்சா, துடைச்சுக்கிட்டு வந்தாரா?' ரெண்டு வாசல் வச்ச கேள்வி. எந்த வாசல் வழியா நுழைஞ்சாலும் உள்ள இருக்கிறது ஒரே வீடு. அவன் கையில தண்ணி பட்டிருந்ததுங்கிற வீடு. அதை யாரும் கேள்வின்னு நினைக்கலை. கேட்டவனுக்கு ஏற்கெனவே தெரிஞ்ச விஷயம்னு நினைச்சாங்க. ஆளையும் பிடிக்காது. பதில் சொல்ல வாய் திறக்கிறதுக்குள்ளேயே பார்த்த மாதிரி ஆகிப்போச்சு."

"பஸ்ல தூங்குறவனை எழுப்பி 'மார்க்கெட்டா, ஸ்டேஷனா'ன்னு கேட்டா அப்படித்தான். வீட்டை மறந்துட்டு ரெண்டுல ஒண்ணைச் சொல்லிருவான்."

"கேள்வி கேட்டவனுக்கு ஈரம் எப்படித் தெரியும்? ஜக்கை உடைச்சவனுக்கு மட்டும்தான் தெரியும்." ஊசியின் குரலில் ருசி ஏறியது. "அவங்களை உட்கார வச்சுக் கேள்வி கேட்டது யாரு?"

கண்டக்டர் மறுபடி ஸ்கூட்டரை உதைத்தான். 

ஜிம் மாஸ்டரிடம் அவள் தன் கணக்கைச் சரிபார்த்தாள். அவன் எடை தூக்கிக்கொண்டே பேசினான். மூச்சு வாங்கும் இடைவெளியில் பதில்.

"கேமராமேன் தோள்ல ஒரு பை தொங்கிச்சே. கறுப்பா, பழுப்பா?"

"கறுப்பு."

"பையே கிடையாது" என்றாள் ஊசி. "அவர் வெறுங்கையோட போனார்னு போலீஸ்ல நீங்களே எழுதிக் கொடுத்திருக்கீங்க. பை நான் இப்ப போட்டது. அதே மாதிரிதான் ஈரத்தையும் உங்க தலையில ஒருத்தர் போட்டிருக்கார்."

எடை தரையில் இறங்கியது. "என்னைக் குழப்ப வந்திருக்கீங்களா? பை இருந்துச்சு. அன்னிக்கு ஞாபகம் வரலை, இப்ப வந்திருக்கு. கறுப்புப் பை. நான் கண்ணால பார்த்தேன்."

"நான் சொன்னதாலதான்..."

"கண்ணால பார்த்தேன்னு சொல்றேன். கிளம்புங்க."

படியிறங்கும்போது கண்டக்டர் மெல்லச் சொன்னான். "ரொம்ப நல்ல காரியம் பண்ணீங்க மேடம். காலையில கேமராமேன் கையில ஈரம் மட்டும்தான் இருந்துச்சு. இப்ப பையும் இருக்கு. இன்னும் ரெண்டு வீட்டுக்குப் போனா மீசை முளைச்சிரும்."

நிறுவனத்துக்குப் போனபோது முதலாளியின் தங்கையே ஹாலைத் திறந்துவிட்டாள். "நான் இங்கேதான் எங்கேயாவது இருப்பேன்" என்று நகர்ந்தாள். மாடரேட்டர் மேஜையின் தலைப்பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். மடிப்புக் கலையாத சட்டை, வெட்டிச் சீராக்கிய நகங்கள். பார்த்த முதல் பார்வையிலேயே ஊசிக்கு அவனைப் பிடிக்கவில்லை. அதில் அவளுக்கு ஒரு திருப்திகூட இருந்தது.

"இன்ஷூரன்ஸ் அக்கா நேரிலேயே வந்தாச்சா?" என்றான். "உட்காருங்க. எந்த நாற்காலியில உட்கார்ந்தாலும் கண்ணாடி தெரியும்."

"நான் நின்னுக்கறேன். அன்னிக்கு முதலாளி மனைவி போய்ப் பார்த்துட்டுக் கத்தினதும், நீங்க இந்தக் கதவைச் சாத்திட்டு ஆறு பேர்கிட்டயும் ஒரு கேள்வி கேட்டீங்க."

"கேட்டேன்."

மறுப்பான் என்று எதிர்பார்த்து வந்தவள் ஒரு நொடி தடுமாறினாள்.

"'கேமராமேன் அந்த ரூம் பக்கமிருந்து வந்தப்போ கை ஈரமா இருந்துச்சா, துடைச்சுக்கிட்டே வந்தாரா?'" அவன் அதை ஒப்பித்தான். குரலில் ஏற்ற இறக்கம்கூட அச்சில் வார்த்த மாதிரி இருந்தது. "இதானே? அதுக்கென்ன இப்ப?"

"அதுக்கென்னவா? நீங்க அந்த ரூமுக்குள்ள போகவே இல்லைன்னு போலீஸ்ல சொல்லியிருக்கீங்க. போலீஸும் உங்களுக்குச் சொல்லலை. ஜக் உடைஞ்சு தண்ணி கொட்டினது உடைச்ச ஆளுக்கு மட்டும்தான் தெரியும். இடைவேளையில இந்த ஹாலை விட்டு வெளிய போனீங்க. திரும்பி வந்தீங்க. வந்ததும் ஈரம் உங்க வாயில இருக்கு."

மாடரேட்டரின் முகத்தில் இருந்த மெருகு அப்போதுதான் கலைந்தது.

"ஜக்கா?" என்றான். "ஜக்கால அடிச்சாங்களா?"

"நடிப்பு நல்லா வருது."

"மேடம்" என்றான் கண்டக்டர்.

"நீ சும்மா இரு."

"நிஜமா எனக்குத் தெரியாது" என்றான் மாடரேட்டர். தேன் முழுக்க வடிந்துபோய்க் குரல் வறண்டிருந்தது. "ஏதோ இரும்பால அடிச்சாங்கன்னு நினைச்சுட்டிருந்தேன். அந்தக் கேள்விய நான் உண்டாக்கலை. என்கிட்ட கேட்டாங்க. அதை அப்படியே அவங்ககிட்ட கேட்டேன். இங்கே என் வேலையே அதுதான். என் வாயிலேருந்து வர்ற ஒரு கேள்விகூட நான் எழுதினது இல்லை. எழுதறது வேற ஆள். குரல் மட்டும்தான் நான்."

"யார் எழுதறது?"

"உங்களை இங்கே அனுப்பி வச்சாங்களே, அவங்க."



"என் மேல பழி விழுந்ததும் அவங்க மேல தூக்கிப் போடறீங்க" என்றாள் ஊசி. ஆனால் அவள் குரலே அவளுக்கு நம்பிக்கையாக ஒலிக்கவில்லை. 'உங்க மேல' என்பதற்குப் பதில் 'என் மேல' என்று உளறியதையும் கவனித்தாள்.

"மேடம்" என்று மறுபடியும் கண்டக்டர். இந்த முறை கேலி இல்லை. "இவர் வாசலைத் தாண்டலை. இடைவேளை முழுக்க அவங்களோட நின்னார்னு தையல்காரம்மா சொன்னாங்க. போன்ல பேசின மூணு பேரும் அதையேதான் சொன்னாங்க. வாசல்ல யாரோ ஒரு லேடி கூப்பிட்டாங்க, ரெண்டு வார்த்தை பேசிட்டு அப்படியே திரும்பிட்டார்னு. நான் உங்ககிட்ட சொன்னேன். நீங்க ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டீங்க."

சொன்னான்தான். அவளும் கேட்டாள்தான். 'வெளியே போனான்' என்கிற பாதியை எடுத்துக்கொண்டு மீதியைத் தையல்கடையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். ஜிம் மாஸ்டர் பையைப் பிடித்துக்கொண்ட மாதிரி.

"எப்ப கேட்டாங்க?" என்றாள் மாடரேட்டரிடம்.

"இடைவேளையில. யாரும் கத்தறதுக்கு முன்னாடி. கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு வாசல்ல நின்னாங்க. கேமராமேன் அப்பத்தான் அந்தப் பக்கமா நடந்து போயிருந்தான். என்னைக் கூப்பிட்டு இதைக் கேட்டாங்க. புருஷன் பொண்டாட்டி ஏதோ சண்டைன்னு நினைச்சு, 'கவனிக்கலையே'ன்னுட்டு வந்துட்டேன். அப்புறம் சத்தம் கேட்டுச்சு. ரெண்டையும் சேர்த்துப் பார்த்தேன்."

"போலீஸ்ல ஏன் சொல்லலை?"

"எதைச் சொல்றது? அதை ஒரு கேள்வியாவே நான் நினைக்கலை. அவன் ஈரக் கையோட போனதை நானே பார்த்த மாதிரி இருந்துச்சு. எனக்கு அவனைப் பிடிக்காது, அதை மறைக்க மாட்டேன்." அவன் கண்களை மூடித் திறந்தான். "இப்பவும் கண்ணை மூடினா அந்தக் கை தெரியுது. எனக்கே பயமா இருக்கு."

பொறாமையில மாட்டிவிட்டாரா, தன்னைக் காப்பாத்திக்க மாட்டிவிட்டாரா? போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் கேட்ட கேள்வி ஊசிக்கு இப்போது முழுசாகக் காதில் விழுந்தது. அங்கேயும் இரண்டே வாசல். எதில் நுழைந்தாலும் மாடரேட்டர் வீடு. அவள் நுழைந்து, நாற்காலி போட்டு உட்கார்ந்து, நாள் முழுக்க அங்கேயே குடியிருந்திருக்கிறாள்.

கண்ணாடிச் சுவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு வெளியே போய், பக்கத்து அறைக் கதவைத் தட்டாமல் திறந்தாள்.

இருட்டறையில் அண்ணனின் நாற்காலியில் தங்கை உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மாடரேட்டர் கைகளில் முகத்தைப் புதைத்திருப்பது பளிச்சென்று தெரிந்தது.

ஊசிக்கு வாயில் நிறையக் கேள்விகள் வந்தன. எல்லாவற்றிலும் குத்தல் இருந்தது. அத்தனையையும் விழுங்கிவிட்டு ஒன்றை மட்டும் கேட்டாள்.

"என்ன நடந்துச்சு?"

தங்கை திரும்பவில்லை. "வேலை தெரிஞ்சவங்க கேட்கிற கேள்வி. இதுக்கு எங்கேயும் ஒளிய முடியாது" என்றாள். பிறகு சொன்னாள்.

"இந்தக் கம்பெனிக்கு வர்றவங்க எல்லாரும் அண்ணனைத்தான் புகழுவாங்க. உங்க கேள்விங்க மனசுக்குள்ள போய் எடுத்துட்டு வருதேம்பாங்க. ஒரு கேள்விகூட அவர் எழுதினது இல்லை. அன்னிக்கு மாடரேட்டரைப் பங்குதாரர் ஆக்கப் போறதா சொன்னார். வெளிய போர்டுல அவன் பேர் வரும்னார். என் பேர் வராதான்னு கேட்டேன். அதுக்கு அண்ணன் சிரிச்சுக்கிட்டே, 'உனக்குப் பேர் வேணுமா, வேலை வேணுமா?'ன்னு கேட்டார்." கண்ணாடியைப் பார்த்தபடியே தொடர்ந்தாள். "அந்த மாதிரிக் கேள்வியை அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே நான். அதை என்கிட்டயே கேட்டார். ரெண்டு வாசலும் தெருவுக்குத்தான் போகுது. ஜக் பக்கத்துல இருந்துச்சு."

"உங்க வீட்டுக்காரரை ஏன் இழுத்தீங்க?"

"இழுக்கணும்னு நினைக்கலை. வெளிய வந்தேன், கையெல்லாம் தண்ணி. மாடரேட்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஏதாவது பேசியாகணும். பயந்தா சில பேர் கத்துவாங்க. எனக்குக் கேள்விதான் வரும். என் கையில இருந்தது என் கேள்வியில வந்துடுச்சு. என் வீட்டுக்காரர் அந்த நேரம் பார்த்து நடந்து போனார்."

"அப்புறம் அவரை வெளிய எடுக்கறதுக்கு மாற்று ஆளா மாடரேட்டர். அவரை மாட்டிவிடறதுக்கு நான்."

"உங்களைப் பத்தி விசாரிச்சேன்" என்றாள் தங்கை. இப்போது திரும்பி நேராகப் பார்த்தாள். "ஒருத்தரைப் பிடிக்கலைன்னா கடைசி வரைக்கும் விடமாட்டாங்கன்னு சொன்னாங்க. காலையில உங்களுக்கு முன்னாடி நான் மாடரேட்டருக்குப் போன் பண்ணி, இன்ஷூரன்ஸ்ல இருந்த ஒரு அம்மா வீண் வம்புக்கு வருவாங்கன்னு சொல்லி வச்சேன். அவர் எப்படிப் பேசுவார்னு எனக்குத் தெரியும். ஆளைப் பார்த்துத்தான் கேள்வி எழுதணும்."

ஊசிக்கு அவளை அறைய வேண்டும் போலிருந்தது. அறையவில்லை. "எழுந்திருங்க" என்றாள்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் தன் அறைக்குள் வைத்துக் கடைசி வரை கேட்டுவிட்டு, லாக்கப் பக்கம் வந்து சத்தமாகச் சிரித்தார்.

"புருஷனைக் காப்பாத்தப் பொண்டாட்டி பழியைத் தலையில போட்டுக்கறதை நான் பார்த்ததே இல்லையா? அந்த ஜிம் மாஸ்டர் இப்பத்தான் போன் பண்ணினார். கேமராமேன் தோள்ல கறுப்புப் பை இருந்துச்சாம். கேஸ் இன்னும் இறுகுது."

கண்டக்டர் ஊசியைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தான்.

அப்போது லாக்கப் கம்பிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "சார், நான்தான் அடிச்சேன். அவ பொய் சொல்றா."

கேமராமேன் எழுந்து நின்றிருந்தான். பிடித்து வந்த நாளிலிருந்து அவன் வாயிலிருந்து வந்த முதல் புது வார்த்தை அது.

"கேட்டுதா?" என்றார் இன்ஸ்பெக்டர் ஊசியிடம். "ஆறு பேரோட குற்றவாளியையும் சேர்த்தா ஏழு."

"எப்படின்னு அவர்கிட்ட கேளுங்க" என்றாள் ஊசி. "வேற ஒரு வார்த்தையும் சேர்க்காம."

"எனக்கே கேள்வி கேட்கக் கத்துக்கொடுக்கறீங்களா?"

"ஆமா. காலையில எனக்கும் யாராவது கத்துக்கொடுத்திருக்கணும்."

அவளுக்கு மூக்குடைய வேண்டும் என்பதற்காகவே இன்ஸ்பெக்டர் கேட்டார். "எப்படிடா அடிச்சே?"

கேமராமேன் மனைவியைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"கேமரா ஸ்டாண்டால" என்றான். "மண்டையில ஒரு போடு. போட்டுட்டு வந்துட்டேன்."

"கை ஏன் ஈரமா இருந்துச்சு?"

"வேர்த்துச்சு சார். எனக்குக் கை வேர்க்கும்."

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். மறுபடி திறந்தார். மறுபடி மூடினார். ஊசியின் பக்கம் மட்டும் திரும்பவில்லை.

"ஜக் அண்ணனோட வலது பக்கம் இருந்துச்சு" என்றாள் தங்கை, யாரும் கேட்காமலேயே. "நிறைய தண்ணி. தூக்கும்போதே என் கையில பாதி கொட்டிடுச்சு. வராந்தா பாத்ரூம்ல போய்த் துடைச்சுக்கிட்டேன்."

 இன்ஸ்பெக்டர் சாவியைத் தூக்கிக் கான்ஸ்டபிளிடம் எறிந்தார். "திறந்து விடு" என்றார். ஊசியிடம், "அந்த ஆறு பேரையும் திரும்பக் கூப்பிட்டு, நீங்க பார்க்கவே இல்லைன்னு யார் சொல்றது?" என்று எரிந்து விழுந்தார்.

"நீங்கதான். நம்ப மாட்டாங்க. அதுக்கும் தயாரா இருங்க."

கேமராமேன் வெளியே வந்தான். வீட்டுக்குப் போகலாம் என்று கான்ஸ்டபிள் சொன்னதைக் காதில் வாங்காமல், பெஞ்சில் மனைவிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். அவள் ஒட்டாமல் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"உங்களை உள்ள தள்ளினது நான்தான்" என்றாள்.

"தெரியும்."

"எப்ப தெரியும்?"

"என்னைப் போலீஸ் கூட்டிட்டுப் போனப்பவே" என்றான் அவன். "எதுக்கெடுத்தாலும் ஆயிரம் கேள்வி கேட்கறவ, அன்னிக்கு நீ என்கிட்ட ஒண்ணுகூடக் கேட்கலையே."